சத்தம் வராத சிரிப்பு

17 ஏப்ரல் 2025, வியாழன்

இவரை இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். டாக்டர் என்னைப் பார்த்து, "மூணு மாசத்துக்கு ஒரு குடம் தண்ணிகூட தூக்கக் கூடாதும்மா. அதுக்கப்புறமும் ஜாஸ்தி வெயிட் வேணாம். வீட்ல அப்படி இன்னாத்ததான் தூக்குறாரு?" என்று கேட்டார். "புள்ளைய" என்றேன். கைக்குழந்தை என்று நினைத்திருப்பார்.

நர்ஸ் விவரம் கேட்டாள். ஒப்பித்தேன். பேர் அருண்பிரசாத், பதினேழு வயது, பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போகவில்லை, உட்கார மாட்டான், பேச மாட்டான், குழைத்து ஊட்டினால் விழுங்குவான், வலிப்பு வரும், எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. "அய்யோ பாவம்" என்றாள். அந்த இடம் வந்ததும் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். பஸ் ஹாரன் மாதிரி, இப்போதெல்லாம் எனக்கு அது காதில் விழுவதே இல்லை.

சாயங்காலம் கடையைத் திறந்து கரும்பு ஜூஸ் மிஷினை ஓட விட்டேன். சக்கரத்து மணிச் சத்தம் கேட்டதும் பின்கட்டில் படுத்திருந்த பிரசாத் சிரித்தான். அவன் சிரித்தால் சத்தம் வராது. வாய் மெதுவாக ஒரு பக்கம் விரியும், கண் சுருங்கும். அவனையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியும். வந்திருந்த ஆளைக் காக்க வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். ஆமாம், சிரித்துக்கொண்டிருந்தான்.

20 ஏப்ரல், ஞாயிறு

பிரசாத்துக்கு ஷேவ் செய்ய வேண்டும். இவர் பின்னாலிருந்து தலையை இறுக்கிப் பிடித்தால்தான் நான் ரேசரை வைக்க முடியும். தலை எந்த நேரம் வெட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. இவர் முதலில் எழுந்து உட்காரட்டும். தாடி இருந்தால் இருக்கட்டும், இவன் என்ன பெண் பார்க்கவா போகிறான்.

26 ஏப்ரல், சனி

போட்டுவிட்டேன். என் பிள்ளையைக் கீழே போட்டுவிட்டேன்.

குளிப்பாட்டித் தூக்கும்போது சோப்பு வழுக்கியது. முதுகில் சுருக்கென்று ஒரு பிடிப்பு, கை தானாக விட்டது. தாடை தரையில் மோதியது. பல் ஒன்று உடைந்தது, தாடையில் தையல். இவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடி வந்தார். "தொடாத, நீ தொடாத, உனக்கு தையல் பிரிஞ்சிடும்" என்று கத்தினேன். இரண்டு பேரும் அவனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம், தூக்க ஆளில்லாமல். கொழுந்தன் பலராமன் பக்கத்துக் கடையிலிருந்து ஓடி வந்துதான் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பொண்ணு தனியாக வந்து பேசியது. செங்கம் ரோட்டில் இந்த மாதிரிப் பிள்ளைகளைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஹோம் ஒன்று இருக்கிறதாம். "சும்மா போய்ப் பாருங்கக்கா" என்றது. நான் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

29 ஏப்ரல், செவ்வாய்

இவர் ஹோம் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டார். இட்லியைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"ஒரு வாட்டி போய் பாக்கலாம், தேவி. நாளைக்கு நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா ஆவட்டும். இருக்கறவரைக்கும் நான் பாத்துக்குவேன்."

"நீதான் பாத்துக்கின. சனிக்கெழம பாத்தனே."

அப்படிச் சொல்வாரா ஒரு மனுஷன்? பதினேழு வருஷத்தில் ஒரு நாள் கை வழுக்கியதற்கு. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கழுவும்போது அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், ஏனென்றால் அவர் சொன்னது பொய் இல்லை.

பலராமன் கேள்விப்பட்டு வந்து ஒரு பாட்டம் பேசினார். "அண்ணி, மலை சுத்துற பாதையில பொறந்த புள்ள. கொண்டு போய் எங்கியோ தள்ளிட்டா ஊர் நம்மள இன்னா பேசும்?" ஊர் வந்து ஒரு நாள் குளிப்பாட்டட்டும், அப்புறம் பேசட்டும்.

4 மே, ஞாயிறு

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பிரசாத்தைப் பலராமன் வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனோம், எங்கள் ஆட்டோவை இவர் இன்னும் ஓட்டக் கூடாது.

நீளமான ஹால், வரிசையாகக் கட்டில்கள். பினாயில் வாசனை, அதற்கு அடியில் மூத்திர வாசனை. கொசுவலை இருக்கிறது, விசிறி ஓடுகிறது. குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஜோதியம்மாள் என்று ஒரு ஆயா மூன்று பேரைச் சாய்த்து உட்கார வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒருவன் விழுங்குவதற்குள் அடுத்தவன் வாய்க்கு ஸ்பூன் போகிறது. நான் பிரசாத்துக்கு ஒரு வேளை ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும்.

மேனேஜர் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "என் புள்ள சிரிச்சா சத்தம் வராதுங்க. பாத்துகினே இருந்தாதான் தெரியும். இங்க யாரு பாப்பாங்க?"

"எல்லாரையும் நல்லா பாத்துக்கிறோம்மா" என்றார்.

ஜோதியம்மாள் திரும்பாமலே சொன்னாள்: "எல்லா நேரமும் பாக்க முடியாதும்மா. முப்பது புள்ளைங்க இருக்குது."

ஒரு கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. அந்த இடம்தான் காலியாம். எப்படிக் காலியாயிற்று என்று கேட்டேன். மேனேஜர் அம்மா போனைப் பார்த்தார். ஜோதியம்மாள்தான், "தவறிட்டான்மா, மாசியில" என்றாள். மே மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்த்த பிறகு ஒரு மாதம் யாரும் வந்து பார்க்கக் கூடாது, பிள்ளை பழக வேண்டுமாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

7 மே, புதன்

அனுப்பப் போவதில்லை. சொல்லிவிட்டேன். "சரி" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

13 மே, செவ்வாய்

என் பிள்ளை சித்தராகிவிட்டான்.

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. நேற்று சித்ரா பௌர்ணமி. இந்தப் பக்கம் எங்களுக்கெல்லாம் அன்றுதான் வியாபாரம். கிரிவலப் பாதை முழுக்க ஜனம், கால் வைக்க இடமில்லை. பின்கட்டில் கரண்ட் போய் அனலாகக் கொதித்தது. பிரசாத்தை உள்ளே விட முடியவில்லை. பெல்ட் வைத்த சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, மேலே சட்டையில்லாமல், கடை வாசலில் கொட்டகை நிழலில் விட்டேன். வேர்க்காமல் இருக்க உடம்பு முழுக்க ஈரத் துணியால் துடைத்து, நெற்றியில் விபூதி வைத்தேன். தாடி ஒரு மாதத்துத் தாடி. மிஷின் ஓட ஓட அவன் அந்தச் சத்தமில்லாத சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு பெண்பிள்ளை ஜூஸ் குடிக்க வந்தவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் காலில் விழுந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எழுந்திரும்மா, இன்னா ஆச்சு" என்றேன். "சாமி என்னப் பாத்து சிரிச்சுதுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் ஒரு கும்பல். இந்த ஊரில் யாராவது பேசாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் போதும், பின்னாலேயே பத்துப் பேர் போவார்கள். அது எனக்குத் தெரியாததா. ஆனால் என் வீட்டு வாசலில் நடக்கும் என்று நினைத்ததில்லை. ஒருவர் மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது, இவன் சிரித்தான். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிரசாத்தின் மடி நிறைய வாழைப்பழம்.

கடை சாத்திவிட்டு இவரும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இவர் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று.

இன்னொன்றும் எழுத வேண்டும். இத்தனை வருஷமாக என் பிள்ளையைப் பார்த்தவர்கள் எல்லாம் அய்யோ பாவம் என்றார்கள். நேற்று சாமி என்றார்கள். ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

19 மே, திங்கள்

பௌர்ணமி போன பிறகும் வருகிறார்கள். இன்று ஆந்திராவிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. ஒரு வார்த்தை தமிழ் தெரியவில்லை. பிரசாத் எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள்.

பலராமன் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர், சும்மா இருப்பாரா. ஒரு உருத்திராட்ச மாலையைக் கொண்டுவந்து அவன் கழுத்தில் போட்டார். எச்சில் வடிந்து மாலை நனைந்துவிட்டது. "அண்ணி, தாடிய மட்டும் எடுத்துடாதீங்க" என்றார்.

இவர் இப்போது நன்றாக உட்காருகிறார். சாயங்காலம் ரேசரை எடுத்து வைத்துக்கொண்டு, "வா, புடிக்கிறேன்" என்றார். "அடுத்த பௌர்ணமி போவட்டும்" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ரேசரை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எதற்கு அப்படிச் சொன்னேன்?

30 மே, வெள்ளி

ஹோமிலிருந்து போன் வந்தது. நாளையோடு கெடு முடிகிறது, இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். "குடுத்துடுங்க. எங்க புள்ளைக்கு இங்கயே நாலு பேர் இருக்காங்க" என்றேன். நாலு பேர். யார் அந்த நாலு பேர்? அவனுக்கு மலம் துடைத்தது இன்று காலையும் நான்தான். முதுகு நிமிரவில்லை.

11 ஜூன், புதன். ஆஸ்பத்திரி

வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று பௌர்ணமி. பலராமன் கடைக்கும் எங்கள் கடைக்கும் நடுவில் காவித் துணி விரித்து நாற்காலியை வைத்திருந்தார். மாலை, பத்தி, எல்லாம். கூட்டம் போன மாசத்தைவிட ஜாஸ்தி. நான் மிஷினில். இவர் டம்ளர் கழுவிக்கொண்டு. இருட்ட ஆரம்பித்திருந்தது.

தலைகளுக்கு நடுவில் அவன் முகம் தெரிந்தது. இடது கண் ஒதுங்கியது. எப்போதும் அதுதான் முதலில். எனக்குத் தெரியும், வலிப்பு. கரும்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஓடவே முடியவில்லை. ஜனம் விடவில்லை. அவன் உடம்பு வில்லாக வளைந்து வெட்டுகிறது, இவர்கள் கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு அரோகரா அரோகரா. "வழி விடுங்க, என் புள்ள" என்கிறேன். ஒருத்தர் என் தோளைப் பிடித்து நிறுத்துகிறார், நல்ல மனுஷர் மாதிரி, மெதுவாக: "தொடாதீங்கம்மா. சாமி அருள்ல இருக்குது."

அருளாம். டேய், அது ஃபிட்ஸ்டா. ஃபிட்ஸ். அவன ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்டா. கத்தினேன், கத்தினேன். அரோகரா சத்தத்தில் யாருக்குக் கேட்கும். போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். கற்பூரம் காட்டுகிறார்கள். யாரோ ஒரு பெண்பிள்ளை பழத்தைப் பிட்டு அவன் வாயில் வைக்கிறாள். பிரசாதம் வேண்டுமாம், சாமி கடித்த மிச்சம் வேண்டுமாம்.

அவன் நீலமாகப் போனான்.

இவர் எப்படி உள்ளே போனார் என்று தெரியவில்லை. தூக்கக் கூடாத மனுஷன். பெல்ட்டை அறுத்து, வாய்க்குள் விரலை விட்டுப் பழத்தை எடுத்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பௌர்ணமிக்கு வண்டி எதுவும் விடமாட்டார்கள், எங்கள் ஆட்டோவே ஊருக்கு வெளியில்தான் நின்றது. கூட்டத்துக்கு எதிர்த் திசையில் ஓடுகிறோம். ஓடுகிற வழியெல்லாம் ஜனங்கள் கையை நீட்டி, தொங்குகிற அவன் காலைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

12 ஜூன், வியாழன்

ஐ.சி.யூ. பழம் நுரையீரலுக்குள் போயிருக்கிறது. குழாய் போட்டிருக்கிறார்கள். இரண்டு வேளை மட்டும் உள்ளே விடுகிறார்கள்.

17 ஜூன், செவ்வாய்

குழாய் எடுத்துவிட்டார்கள். மூச்சு அவனே விடுகிறான். காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது.

இவருக்கு ஆபரேஷன் செய்த இடம் மறுபடி வீங்கிவிட்டது. திரும்பவும் அறுக்க வேண்டுமாம். சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். நடக்கும்போது கை அங்கேயே போவதைப் பார்த்துக் கேட்டேன்.

பலராமன் வந்து வராந்தாவில் நின்றார். கையில் விபூதிப் பொட்டலம், என் முகத்தைப் பார்த்ததும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நான் நல்லதுன்னுதான் நெனச்சேன், அண்ணி" என்று அழுதார். திட்ட வேண்டும் என்று ஐந்தாறு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. தாடியை எடுக்க வேண்டாம் என்று அவர் மட்டுமா சொன்னார். "சாப்ட்டீங்களா" என்று கேட்டேன்.

24 ஜூன், செவ்வாய்

வீட்டுக்கு வந்தோம். முதல் வேலையாக ஷேவ் செய்தோம். இவர் உட்கார்ந்தபடியே தலையைப் பிடித்துக்கொண்டார். தாடி போனதும் கன்னம் ஒட்டிப்போன ஒரு சின்னப் பையன் முகம் வந்தது. ஏப்ரலில் விழுந்த தையல் தழும்பு தாடையில் இருந்தது. என் பிள்ளைதான்.

துடைத்துவிட்டு, "ஹோமுக்கு போன் போடுங்க" என்றேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை, போட்டார்.

இடம் போய்விட்டதாம். அடுத்து எப்போது என்று கேட்டதற்கு, "சொல்ல முடியாதுங்க. யாராவது காலி ஆனாதான்" என்றார்கள்.

29 ஜூன், ஞாயிறு

யாராவது காலி ஆனால்தான். அந்த வரிசையில் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகின்றன. சிவப்புச் சட்டைப் பையன். விரல் சப்பிக்கொண்டிருந்த பெண். இவர்களில் ஒருவர் சாகத்தான் நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தாய்க்கு இப்படி ஒரு ஆசை வரலாமா? வருகிறது.

10 ஜூலை, வியாழன்

பௌர்ணமி. கடையைத் திறக்கவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். அப்படியும் தட்டினார்கள். "சாமி இருக்குதுங்களா?" தட்டுவது, காத்திருப்பது, போவது, திரும்பவும் வேறு ஆள். நாங்கள் மூச்சுக் காட்டவில்லை.

பிரசாத் முனகிக்கொண்டே இருந்தான். அவனுக்கு மணி வேண்டும். மிஷினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டேன். அதைத் தொடவே கை வரவில்லை.

1 ஆகஸ்ட், வெள்ளி

போன் வந்தது. இடம் இருக்கிறது. எப்படிக் காலியாயிற்று என்று இந்த முறை நான் கேட்கவில்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

விட்டுவிட்டு வந்தோம்.

ஜோதியம்மாளைப் பிடித்து எல்லாம் சொன்னேன். ஊட்டும்போது கட்டை விரலைத் தாடைக்குக் கீழே வைத்து லேசாக மேலே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெளியே தள்ளிவிடுவான். பழம் வேண்டாம், எந்தப் பழமும் வேண்டாம். வலிப்பு வந்தால் இடது கண் முதலில் ஒதுங்கும், உடனே ஒருக்களித்துப் போட வேண்டும். வெயிலில் வைத்தால் பிடிக்காது. மணிச் சத்தம் பிடிக்கும். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பாதி மறந்துபோகும். முப்பது பிள்ளைகளின் அம்மாக்களும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

கட்டில் சுவரோரம். மே மாதம் மெத்தை சுருட்டியிருந்த கட்டில் இல்லை, வேறு. கிளம்பும்போது அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். அவன் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போகிறேன் என்று அவனுக்குத் தெரியாது. நாளைக்குத் தெரியும், நாளன்றைக்குத் தெரியும். அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன். அதுதான் என்னைக் கொல்கிறது.

ஆட்டோவில் அவனைக் கட்டி உட்கார வைக்கும் பெல்ட் பின் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வரும் வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வண்டியை ஓட்டி வந்த இவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

அவனுக்குக் கஞ்சி குழைத்துவிட்டேன். கிண்ணத்தோடு பின்கட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

21 ஆகஸ்ட், வியாழன்

காலையில் எழுந்தால் முதுகு வலிக்கவில்லை. நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கிறேன். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

14 செப்டம்பர், ஞாயிறு

பார்க்க விட்டார்கள்.

இளைத்திருக்கிறான். இடுப்பில் ரூபாய் அளவுக்குப் படுக்கைப் புண். ஜோதியம்மாளே சட்டையைத் தூக்கிக் காட்டினாள், மறைக்கவில்லை. "மருந்து போடுறோம்மா, ஆறிகினு வருது" என்றாள். இவர் வெளியே போய்விட்டார்.

நான் "பிரசாத்து" என்று கூப்பிட்டேன். என் பக்கம் கண் வந்தது, நின்றது, போய்விட்டது. கோபமா? மறந்துவிட்டானா? கோபமாக இருக்கட்டும். கோபம் என்றால் என்னை ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம்.

"சிரிச்சானாக்கா?" என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன நஷ்டம்.

"இல்லம்மா. வந்ததுலருந்து ஒரு வாட்டிகூட சிரிக்கல. நீ சொன்னதால நானும் பாத்துகினேதான் இருக்கேன். பொய் சொல்ல மாட்டேன்."

கூட்டி வந்துவிடலாம் என்று இவரிடம் சொன்னேன், கேட் பக்கத்திலேயே, சத்தமாக. "கூட்டினு வந்து யாரு தூக்குறது, தேவி? சொல்லு. நீ சொன்னா இப்பவே உள்ள போறேன்" என்றார். இரண்டாவது ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆன மனுஷன். நான் கேட்டைச் சாத்திவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

7 அக்டோபர், செவ்வாய்

நேற்று பௌர்ணமி. கடை திறந்தேன், தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சை ஜூஸும் மட்டும். மிஷின் சாக்குக்குள்தான்.

பலராமன் கடையில் ஜனம் நின்றது. போய்ப் பார்த்தேன். மே மாதம் யாரோ எடுத்த போட்டோ, பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை போட்டு, முன்னால் விளக்கு. தாடியோடு என் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். செத்துப்போனவன் படம் மாதிரி.

"எறக்குங்க" என்றேன்.

"அண்ணி, உங்க புள்ள ஹோம்ல நல்லாத்தான் இருக்கான். இது சாமி. ஜனங்க கேக்குறாங்க, நான் இன்னா பண்றது?"

நான் கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். படத்தை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜூன் மாதம் விட்டிருக்கக் கூடாதா இந்த வழியை.

வீட்டில் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அவன் சிரிக்கிற படம் வேறு எங்களிடம் இல்லை.

16 நவம்பர், ஞாயிறு

புண் ஆறிவிட்டது. இரண்டு கிலோ ஏறியிருக்கிறான். ஜோதியம்மாள் ஊட்டுவதைப் பார்த்தேன், கட்டை விரலைத் தாடைக்குக் கீழே வைக்கிறாள். நான் ஊட்டுகிறேன் என்று ஸ்பூனை வாங்கினேன். வாயைத் திறக்கவில்லை. அவள் டம்ளரில் ஸ்பூனால் இரண்டு தட்டுத் தட்டினாள், திறந்தான். அவளைப் பார்த்துத்தான் திறந்தான்.

இதைத்தானே வேண்டிக்கொண்டேன், யாராவது ஒருத்தர் கையில் அவன் சாப்பிட வேண்டும் என்று. பிறகு எதற்கு வயிறு எரிகிறது.

"சிரிச்சானா?"

"இன்னும் இல்லம்மா."

4 டிசம்பர், வியாழன்

நேற்று தீபம். ஹோமுக்குப் போக வழியில்லை, பாதையெல்லாம் அடைத்துவிட்டார்கள். இவர் காலையிலேயே சாக்கை எடுத்துவிட்டு, மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வாசலில் தள்ளி வைத்திருந்தார். "போதும் தேவி. ஓட்டு" என்றார். காலையெல்லாம் ஓட்டினேன். மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் பின்கட்டுப் பக்கம் தலை திரும்பியது. அங்கே இப்போது கரும்புக் கட்டுதான் கிடக்கிறது.

சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றினார்கள். அத்தனை ஜனமும் அரோகரா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஜூனிலிருந்து அந்தச் சத்தம் ஆகாது. அந்த நேரத்தில் யாருக்கும் ஜூஸ் வேண்டாம். ஜோதியம்மாளுக்குப் போன் போட்டேன். நடக்க முடிந்த பிள்ளைகளை எல்லாம் மாடிக்குத் தீபம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். முடியாதவர்களோடு அவள் கீழே இருந்தாள்.

"அக்கா, போன அவன் காதுகிட்ட வைங்க. அவன் மூஞ்சியப் பாருங்க" என்றேன்.

இவரிடம் போனைக் கொடுத்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். கரும்பு வைக்காமல் வெறும் மிஷினைக் கையால் சுற்றினேன். மணி அடித்தது. சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு ஆள் வந்து ரெண்டு ஜூஸ் என்று கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்து ஒதுங்கி நின்றார்.

கை ஓய்ந்ததும் போனை வாங்கிக் காதில் வைத்தேன். விசிறி ஓடும் சத்தம். எங்கோ ஒரு பிள்ளை முனகியது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா?"

"இரும்மா" என்றாள். பிறகு, "சிரிக்கிறாம்மா. வாய் ஒரு பக்கமா போவுது. கண்ணு சுருங்குது. சிரிக்கிறான்."

செப்டம்பரில் சிரிக்கவில்லை என்று சொன்ன அதே வாய்தான் சொன்னது. நம்பினேன்.